ஊரை எழுப்பும் குரல்

ஊரைக் காக்க நியமிக்கப்பட்டவனே தாக்குண்டு வீழ்ந்துவிட்டால், அச்செய்தியை ஊருக்கு அறிவிப்பது எங்ஙனம்? எத்தனை பேருக்கு, எவ்வளவு விரைவில், எந்தச் சொற்களால் அறிவிப்பது? இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்கா அண்மைக் காலத்தில் ஒரு விடை கண்டது. பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கொல்லப்பட்டாலோ படுகாயமுற்றாலோ, தாக்கியவன் தப்பியோடினால், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மக்கள் கையிலுள்ள தொலைபேசிகளிலும் ஒரே நேரத்தில் அபாய ஒலி எழும். அதற்கு ‘நீல எச்சரிக்கை’ என்று பெயர். நீலம் அந்நாட்டுக் காவலர் உடையின் நிறம். கருவி புதியது, ஏற்பாடோ எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அந்தப் பழைய ஏற்பாட்டை அறிந்த பின்னரே புதியதன் குணமும் குற்றமும் தெளிவாகும்.

1285ஆம் ஆண்டு இங்கிலாந்தின் முதலாம் எட்வேர்ட் மன்னன் வின்செஸ்ரர் சட்டம் எனப்படும் சட்டத்தைப் பிறப்பித்தான். சம்பளம் பெறும் பொலிஸ் படை என ஒன்று அக்காலத்தில் இல்லை. ஊரார் முறை வைத்து இரவுக் காவல் செய்தனர். மதில் சூழ்ந்த பட்டினங்களின் வாயில்கள் சூரிய அத்தமனம் முதல் உதயம் வரை அடைபட்டிருக்க வேண்டும்; நெடுஞ்சாலையின் இருபுறமும் 200 அடி தூரத்துக்குக் கள்வர் பதுங்கும் பற்றைகள் வெட்டப்பட வேண்டும்; 15 வயது முதல் 60 வயது வரையுள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் தன் செல்வ நிலைக்கேற்ற ஆயுதம் வைத்திருக்க வேண்டும். இவற்றுக்கிடையே நம் பொருளுக்கு நேரே பொருந்தும் ஒரு விதியும் உண்டு. இரவில் அயலான் ஒருவன் வந்தால் காவலர் அவனைத் தடுத்து விடியும்வரை வைத்திருக்கலாம். அவன் அடங்க மறுத்தால் காவலர் கூக்குரல் எழுப்ப வேண்டும். கேட்ட ஊரார் அனைவரும் எழுந்து துரத்த வேண்டும். அடுத்த ஊரின் எல்லையில் அந்த ஊரார் குரலை ஏற்றுத் தொடர வேண்டும். இவ்வாறு ஊர்விட்டு ஊர் தாவி, ஓடியவன் பிடிபடும்வரை அக்கூக்குரல் ஓயலாகாது. காவலனை எதிர்ப்பது ஊரையே எதிர்ப்பதாகும் என்பது இதன் உட்கருத்து.

நம் பண்டை நாடுகளில் யானைமீது முரசேற்றி அரசாணை சாற்றும் வழக்கம் இருந்ததை நேயர்கள் அறிவர். முரசு மேலிருந்து கீழே வருவது. கேட்பவன் குடிமகன், சாற்றுபவன் அரசன். ஆங்கிலேயரின் கூக்குரலோ பக்கத்திலிருந்து பக்கத்துக்குப் போவது. கேட்டவனே அடுத்த கணத்தில் கூவுபவன் ஆகிறான். கேட்டும் வாளாவிருந்தவனுக்குத் தண்டம் உண்டு. காரணமின்றிக் கூவியவனுக்கும் தண்டம் உண்டு. இந்த இரண்டாவது தண்டத்தைப் பிற்காலத்தார் எளிதில் மறந்துவிட்டனர். கூக்குரலுக்கு ஊரார் படுக்கையை விட்டு எழுந்தது சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று. அது வீணாக எழாது என்ற நம்பிக்கையாலுமாகும். மேலும், அக்குரல் மனிதக் காது எட்டும் தூரத்துக்கே போயிற்று. ஓடுபவன் எவ்வழி போனானோ அவ்வழியே குரலும் போயிற்று. அவன் போகாத ஊரின் உறக்கத்தை அது கெடுக்கவில்லை.

பட்டினங்கள் பெருகிக் குதிரை வண்டிகளும் விரைவுச் சாலைகளும் வந்தபின் வாயாற் கூவித் துரத்துதல் பயனற்றுப் போயிற்று. இலண்டன் போ வீதி நீதவானாக இருந்த சேர் ஜோன் பீல்டிங் என்பவர் 1772இல் வேறொரு வழி கண்டார். அவர் கண் பார்வையற்றவர். ஆயிரக்கணக்கான குற்றவாளிகளைக் குரலைக் கொண்டே இனங்காண்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. தேடப்படுவோரின் பெயர், தோற்றம், உடை, களவு போன குதிரையின் நிறம் முதலிய விவரங்களை அச்சிட்டு, நாடெங்குமுள்ள நீதவான்களுக்கும் சிறைச்சாலைகளுக்கும் அவர் அனுப்பலானார். அந்த வெளியீடு பின்னர் ‘கூக்குரல்’ என்ற பழம்பெயரையே தாங்கி வந்து, இறுதியில் ‘பொலிஸ் வர்த்தமானி’ ஆயிற்று. கூக்குரல் காகிதமாயிற்று, காகிதம் விவரத்தைச் சுமந்தது, ஆயின் விரைவை இழந்தது.

இலங்கையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொழும்பு–கண்டி வீதியில் வழிப்பறி செய்துவந்த உத்துவான்கந்தைச் சரதியேலைப் பிடித்துத் தருவோருக்குப் பரிசளிப்பதாக அக்காலக் குடியேற்ற அரசாங்கம் விளம்பரம் செய்தது. விளம்பரம் ஊரெங்கும் தெரிந்திருந்தும் அவன் நெடுங்காலம் பிடிபடவில்லை. செல்வரிடம் கொள்ளையிட்டு எளியவர்க்கு ஈந்தான் என்று அவனைப் பற்றிக் கதை வழங்குகிறது. கதை எவ்வளவு மெய்யோ, அவனுக்கு மறைவிடம் தந்த வீடுகள் இருந்தன என்பது மெய். 1864 மார்ச் 21இல் மாவனல்லையில் அவனை வளைத்தபோது, அவன் கூட்டாளியான மம்மலே மரிக்காரின் துப்பாக்கிக்குத் துவான் சபான் என்னும் மலாய் இனத்துப் பொலிஸ் கொன்ஸ்தபிள் இரையானார். கடமையில் உயிர்நீத்த முதற் பொலிஸ் உத்தியோகத்தர் என அவர் போற்றப்படுகிறார். ஆண்டுதோறும் அந்நாளே பொலிஸ் வீரர் நாளாக நினைவுகூரப்படுகிறது. சரதியேலும் மரிக்காரும் அவ்வாண்டு மே 7இல் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். கூவுபவன்மீது ஊருக்குப் பற்று இல்லையாயின், எவ்வளவு உரக்கக் கூவினும் ஊர் எழாது என்பதற்கு இதைவிடச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை.

பழைய கூக்குரல் ஒருமுறை இருபதாம் நூற்றாண்டிலும் உயிர்த்தெழுந்தது. வட இலண்டனைச் சேர்ந்த டொட்டன்ஹாமில் 1909 ஜனவரி 23, சனிக்கிழமை காலை, ஒரு றப்பர்த் தொழிற்சாலைக்கு வாரக் கூலிப்பணம் கொண்டுவரப்பட்டது. லத்வியாவிலிருந்து வந்த இருவர் அப்பணப் பையைப் பறித்துக்கொண்டு ஓடினர். தொழிற்சாலைக்கு எதிரேதான் பொலிஸ் நிலையம்! வெடியொலி கேட்டுப் பொலிசார் ஓடிவந்தனர். கையில் துப்பாக்கி இல்லை. நிலையத்துத் துப்பாக்கிப் பெட்டியின் திறப்பு அகப்படாது பூட்டை உடைக்க வேண்டியதாயிற்று. குறுக்கு வழியால் ஓடி மறித்த கொன்ஸ்தபிள் வில்லியம் டைலர் தலையிற் சுடப்பட்டு மாண்டார். றால்ப் ஜொஸ்லின் என்னும் பத்து வயதுச் சிறுவனும் குண்டு பட்டு இறந்தான்.

அதன்பின் நடந்ததை எந்தச் சட்டமும் ஏவவில்லை. தொழிலாளரும் கடைக்காரரும் வழிப்போக்கரும் பொலிசாருடன் சேர்ந்து துரத்தினர். சைக்கிளில் வந்தோர் சிலர். பறவை சுடும் துவக்கோடு வந்தோர் சிலர். துப்பாக்கி இல்லாப் பொலிசார் வழியில் கண்டவர்களிடம் இரவல் வாங்கிச் சுட்டனர். ஓடியவர்கள் ஒரு டிராம் வண்டியைக் கைப்பற்றினர். பொலிசார் மற்றொரு டிராமில் ஏறித் தொடர்ந்தனர். பின்னர்ப் பால்வண்டி, அதன்பின் மரக்கறி வண்டி. ஏறத்தாழ 6 மைல் தூரம், 2 மணி நேரத்துக்கு மேல் இத்துரத்தல் நடந்தது. ஒருவன் வேலியொன்றைத் தாண்ட முடியாத நிலையில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு சில வாரங்களின் பின் இறந்தான். மற்றவன் ஒரு குடிசைக்குள் புகுந்து அங்கேயே மடிந்தான். காயமுற்றோர் இருபதுக்கும் மேல். கொன்ஸ்தபிளின் பேழையும் சிறுவனின் பேழையும் ஒரே ஊர்வலமாகச் சென்ற நாளில் வீதியெங்கும் மக்கள் வெள்ளமாகத் திரண்டனர். வீரத்துக்கான அரச பொலிஸ் பதக்கம் அவ்வாண்டிலேயே ஏற்படுத்தப்பட்டது.

டொட்டன்ஹாமில் ஊர் தானாக எழுந்தது ஏன்? துரத்தியவர்கள் தாக்கியவனைக் கண்ணாற் கண்டவர்கள். அல்லது கண்டவனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள். “அதோ போகிறான்” என்ற சொல்லில் ஐயத்துக்கு இடமில்லை. செய்தி கண்ணெதிரே நிற்கும்வரை அது ஒரு மனிதனைச் சுட்டியது. மறுநாள் அது பத்திரிகையில் ஏறியபோதோ, சில ஏடுகள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய ஏழை மக்கள் எல்லாரையுமே சந்தேகக் கண்ணோடு நோக்கச் செய்தன. தூரம் கூடக் கூட ஒருவனின் அடையாளம் ஓர் இனத்தின் அடையாளமாகத் திரிந்துவிடும் இயல்பு அன்றே வெளிப்பட்டது.

தூரத்தை வென்றது வானொலி. அமெரிக்காவின் டெற்றொயிற் நகரப் பொலிசார் 1928இல் தம் மோட்டார் வண்டிகளுக்கு வானொலி மூலம் செய்தி அனுப்பத் தொடங்கினர். அந்நிலையத்துக்கு அரசாங்கம் அளித்த அனுமதி பொழுதுபோக்கு நிலையத்துக்குரியதாக இருந்தமையால், இடையிடையே இசையும் ஒலிபரப்ப வேண்டியிருந்தது! பாட்டின் நடுவே கள்வனின் வண்டி இலக்கம் சொல்லப்பட்ட காலம் அது. வண்டியிலிருந்தவர்கள் கேட்கலாம், மறுமொழி சொல்ல முடியாது. முதலில் அந்த ஏற்பாடு பொலிசாரை எழுப்பவே அமைந்தது. பொதுமக்களை எழுப்பும் தேசிய ஏற்பாடு வேறு அச்சத்தால் வந்தது. அணுக்குண்டுத் தாக்குதலை அஞ்சி 1951இல் ஓர் அமைப்பும், அதற்குப் பதிலாக 1963இல் அவசர ஒலிபரப்பு அமைப்பும், 1997இல் அதற்கும் பதிலாக இன்றைய அவசர எச்சரிக்கை அமைப்பும் நிறுவப்பட்டன. அணுக்குண்டு வரவில்லை; அவ்வாயில் வழியே புயலும் வெள்ளமும் பற்றிய செய்திகள் வந்தன.

அவ்வாயிலைக் குற்றவாளியைத் தேடவும் திறக்கலாம் என்று காட்டியது ஒரு குழந்தையின் மரணம். 1996 ஜனவரியில் ரெக்ஸாஸ் மாநிலத்து ஆர்லிங்டனில் அம்பர் ஹேகர்மன் என்னும் ஒன்பது வயதுச் சிறுமி கடத்திக் கொல்லப்பட்டாள். புயல் வருவதை உடனே அறிவிக்கும் வானொலி, பிள்ளை கடத்தப்பட்டதை ஏன் அறிவிக்கலாகாது என்று ஒரு பெண்மணி உள்ளூர் வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியிற் கேட்டார். ஒலிபரப்பாளரும் பொலிசாரும் கூடி அமைத்த திட்டம் அச்சிறுமியின் பெயரால் நாடெங்கும் பரவிற்று. நேயர் ஒருவரின் வினாவிலிருந்து ஒரு நாட்டின் நடைமுறையே மாறியது ஒலிபரப்புச் சரித்திரத்தில் அருமையான நிகழ்ச்சி.

அதே ரெக்ஸாசில் 2008இல், ஆளுநர் றிக் பெறியின் ஆணையால், காவலரைத் தாக்கியோரைத் தேடும் நீல எச்சரிக்கை தோன்றியது. வேறு மாநிலங்கள் சிலவும் பின்பற்றின. ஆனால் அதனைத் தேசியச் சட்டமாக்கியது 2014 டிசெம்பர் 20இல் நிகழ்ந்த இரட்டைக் கொலையே. அன்று அதிகாலை பால்ற்றிமோர் அருகே ஒருவன் தன் முன்னாட் காதலியைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டு, பஸ் ஏறி நியூ யோர்க் சென்றான். பொலிசாரைக் கொல்லப்போவதாக வழியிலேயே இணையத்தில் எழுதினான். பால்ற்றிமோர்ப் பொலிசார் அவன் கைத்தொலைபேசியின் சைகையைத் தொடர்ந்து, அவன் புறூக்ளினில் இருப்பதை அறிந்தனர். பிற்பகல் 2 மணிக்குச் சற்றுப் பின்னர் அங்குள்ள ஒரு பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் கூறினர். படத்தோடு கூடிய அறிவித்தலைத் தொலைநகலில் அனுப்பினர். 2 மணி 47 நிமிடத்துக்கு, நிறுத்திவைத்த ரோந்து வண்டியுள் அமர்ந்திருந்த ரபாயெல் றாமோஸ், வென்ஜியன் லியூ என்னும் இரு உத்தியோகத்தரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலைஞன் பாதாள இரயில் நிலையத்தில் தன்னைச் சுட்டு இறந்தான். அறிவித்தல் வந்து சேர்ந்த வேளையும் கொலை நிகழ்ந்த வேளையும் ஏறத்தாழ ஒன்றே.

நீக்ரோ மக்களைப் பொலிசார் நடத்தும் முறை பற்றி அந்நாடெங்கும் கிளர்ச்சி மூண்டிருந்த காலம் அது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். இன்று மதிப்புடையோர் கறுப்பின மக்கள் என்றே சொல்லுவர். சரித்திர நூல்களின் பழஞ்சொல் இன்று அவர்கள் விரும்பும் சொல்லன்று. கிளர்ச்சியின் நடுவிலும் இரு கட்சியாரும் உடன்பட்டுச் சட்டம் நிறைவேற்றினர். 2015 மே 19இல் ஜனாதிபதி ஒபாமா அதில் ஒப்பமிட்டார். இறந்த இருவரின் பெயரையும் அச்சட்டம் தாங்குகிறது. அதன் விதிகள் கண்டபடி கூவ இடந்தரவில்லை. உத்தியோகத்தர் கடமையில் கொல்லப்பட்டோ படுகாயமுற்றோ காணாமற் போயோ இருக்க வேண்டும். அல்லது அவரைக் கொல்ல நம்பத்தக்க உடனடி அச்சுறுத்தல் இருக்க வேண்டும். சந்தேக நபர் பிடிபடாதிருக்க வேண்டும். அவனையோ அவன் வண்டியையோ இனங்காணப் போதிய விவரமும் இருக்க வேண்டும். எச்சரிக்கை அவன் செல்லக்கூடிய பகுதிகளுக்கே அனுப்பப்பட வேண்டும். வின்செஸ்ரர்ச் சட்டம் கண்டால் தன் பேரப்பிள்ளை என்று இதனைத் தழுவிக்கொள்ளும்.

எனினும் ஒன்றை உற்றுநோக்க வேண்டும். புறூக்ளினில் தவறியது யாது? ஒரு பொலிஸ் நிலையம் அறிந்ததை வீதியில் நின்ற மற்றொரு பொலிஸ்காரன் உரிய நேரத்தில் அறியவில்லை. அன்று எழுப்பப்பட வேண்டியிருந்தவர்கள் பொதுமக்களல்லர். ரோந்து வண்டியிலிருந்த அவ்விருவரே. சட்டம் அக்குறையை மறக்கவில்லை. அச்சுறுத்தல் என்ற பிரிவு அதற்காகவே சேர்ந்தது. ஆயினும் அச்சட்டத்தின் பெயரால் பின்னர் எழுந்த பெருங்குரல் ஒலித்தது மக்களின் படுக்கையறைகளில். 2017 டிசெம்பரில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணைக்குழு நீல எச்சரிக்கைக்கென ஒரு தனிக்குறியீட்டை அவசர எச்சரிக்கை அமைப்பில் சேர்த்தது. 2019இல் அது வானொலி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி ஆகியவற்றில் வழக்கத்துக்கு வந்தது.

கைத்தொலைபேசியின் எச்சரிக்கை 2012இல் தொடங்கியது. தொலைபேசிக் கோபுரத்தைச் சூழவுள்ள கருவிகள் எல்லாவற்றிலும், எவருடைய இலக்கமும் தெரியாமலே, அது ஒரே கணத்தில் அலறும். தொடக்கத்தில் அதற்கு அனுமதிக்கப்பட்ட நீளம் 90 எழுத்துக்கள். 90 எழுத்துக்களில் ஒரு மனிதனை வருணிக்க இயலுமா? 2016 செப்டெம்பர் 19 காலை நியூ யோர்க் மக்கள் விடை கண்டனர். இரு நாட்களுக்கு முன் அந்நகரில் குண்டு வெடித்திருந்தது. தேடப்பட்டவனின் பெயரும் வயதும் ஆண் என்பதும் அச்செய்தியில் இருந்தன. படத்தைச் செய்தித் தாபனங்களிற் பார்க்க என்று எழுதியிருந்தது. பெயரைக் கேட்டவர்க்குத் தெரிந்தது அவன் ஒரு முஸ்லிம் என்பது மட்டுமே. அத்தகைய பெயரும் நிறமும் உடைய பல்லாயிரவர் அன்று காலை அதே தொலைபேசியோடு அதே இரயிலில் பயணஞ் செய்தனர் என்று விமரிசகர் சுட்டிக்காட்டினர். சில மணி நேரத்தில் அவன் நியூ ஜேர்சியில் பிடிபட்டான், பொலிசாரும் காயமுற்றனர். அவனைக் கண்டு சொன்ன மதுக்கடைக்காரர் இனங்கண்டது தொலைக்காட்சியிற் பார்த்த முகத்தைக் கொண்டே. எச்சரிக்கையின் நீளத்தை 360 எழுத்துக்களாகக் கூட்ட அம்மாதக் கடைசியிலேயே ஆணைக்குழு தீர்மானித்தது.

அரைகுறை வருணனை என்ன செய்யும் என்பதற்கு 2013 பெப்ரவரியில் கலிபோர்னியாவில் நடந்தது சாட்சி. வேலை நீக்கப்பட்ட பொலிஸ் உத்தியோகத்தன் ஒருவன் தன் பழைய மேலதிகாரிகள்மீதும் அவர்கள் குடும்பத்தார்மீதும் வஞ்சம் தீர்க்கப் புறப்பட்டான். பொலிசார் உட்பட நால்வர் அவன் கையால் மாண்டனர். அவன் செலுத்திய வண்டியின் விவரம் எங்கும் அறிவிக்கப்பட்டிருந்தது. பெப்ரவரி 7 விடியற்காலை, டொறன்ஸ் நகரில் ஓர் அதிகாரியின் வீட்டைக் காவல் செய்துகொண்டிருந்த பொலிசார், மெதுவாக ஊர்ந்து வந்த ஒரு சிறு பார வண்டியைக் கண்டு நூற்றுக்கு மேற்பட்ட வேட்டுக்கள் தீர்த்தனர். வண்டியிலிருந்தோர் வீடுவீடாகப் பத்திரிகை போடும் இரு பெண்கள். தேடப்பட்ட வண்டியின் நிறமும் வேறு, செய்த கம்பனியும் வேறு. இருவரும் உயிர்தப்பியது தெய்வாதீனம். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரசபை 42 இலட்சம் டொலர் நட்டஈடு கொடுத்தது. சுட்டவர்கள் பயிற்சி பெற்ற காவலர். பயிற்சியும் பொறுமையும் இல்லாத பொதுமக்கள் கையில் அதே அச்சத்தையும் அதே அரைகுறை வருணனையையும் கொடுத்தால் என்னாகும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கூவுதலில் இவ்வளவு அபாயம் உண்டெனில் கூவாதிருத்தலே நன்றோ? கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணம் இதற்கு மறுமொழி சொல்லும். 2020 ஏப்ரல் 18 இரவு, போட்டபீக் என்னும் சிற்றூரில் ஒருவன் 13 பேரைக் கொன்றான். பொலிஸ் உடை தரித்து, பொலிஸ் வண்டியைப் போலவே அலங்கரித்த ஒரு வண்டியில் மறுநாள் காலை ஊர் ஊராகச் சென்று, வழியிற் கண்டவர்களைச் சுட்டான். அரச கனடிய ஏற்றப்பட்ட பொலிசார் எச்சரிக்கையைச் சமூக வலைத்தளத்தில் எழுதினர். அக்கிராமங்களில் அத்தளத்தைப் பார்ப்போர் எத்தனை பேர்? கைத்தொலைபேசிகளை அலறச்செய்யும் ஏற்பாடு மாகாணத்திடம் ஆயத்தமாக இருந்தும் பயன்படுத்தப்படவில்லை. போலிப் பொலிஸ் வண்டி பற்றி அறிவித்தால், மெய்யான பொலிசாரை மக்கள் தாக்குவார்களோ, அவசரத் தொலைபேசி இணைப்புத் திணறுமோ என்ற அச்சம் பின்னைய விசாரணையில் வெளிப்பட்டது. வழமைபோல் காலை உலாவச் சென்றவரும் வேலைக்குப் புறப்பட்டவரும் ஒன்றுமறியாது இறந்தனர். தடுக்கச் சென்ற கொன்ஸ்தபிள் ஹெய்டி ஸ்டீவன்சன் என்னும் பெண் உத்தியோகத்தரும் கொல்லப்பட்டார். மாண்டோர் மொத்தம் 22 பேர். கொலைஞன் ஒரு பெற்றோல் நிலையத்தில் பொலிசாரால் சுடப்பட்டபோது எச்சரிக்கை இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 2023இல் வெளிவந்த விசாரணைக்குழு அறிக்கை, மக்கள் பதறுவர் என்ற எண்ணத்தைக் காரணமாக்கி அறிவித்தலைத் தாமதிக்கலாகாது என்ற கருத்தை வலியுறுத்தியது. அங்கே கேட்கத் தகுதியானவர்கள் இருந்தனர், சொல்ல வேண்டிய விவரமும் இருந்தது, கூவத்தான் ஆளில்லை. 2022 செப்டெம்பரில் சஸ்காட்சுவன் மாகாணத்தில் பலர் கத்தியாற் குத்தப்பட்டபோது, அதே பொலிசார் அன்று காலையிலேயே கைத்தொலைபேசி எச்சரிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினர்.

நோவா ஸ்கோஷியாவுக்கு நேர் எதிரான காட்சி 2024இல் ரெக்ஸாசில் நிகழ்ந்தது. அம்மாநிலத்தின் வடகோடியில் மெம்பிஸ் என்று ஒரு சிறு பட்டினம். அதன் பொலிஸ் தலைவரைச் சுட்டவனைத் தேடி, ஒக்டோபர் 4 அதிகாலை 5 மணிக்குச் சற்று முன்னர் மாநிலம் முழுவதுக்கும் நீல எச்சரிக்கை அனுப்பப்பட்டது. 700 கிலோமீற்றருக்கு அப்பால் ஹூஸ்ரனில் உறங்கியவரும் மெக்சிக்கோ எல்லையில் உறங்கியவரும் திடுக்கிட்டு எழுந்தனர். எழுந்து அவர்கள் செய்யக்கூடியது யாது? படுக்கையறைச் சன்னலால் எட்டிப் பார்த்தாலும், ஒருநாட் பயணத் தொலைவிலுள்ள துப்பாக்கிதாரி தெரியப்போவதில்லை. தகவல்தொடர்பு ஆணைக்குழுவுக்கு ஆயிரக்கணக்கான முறைப்பாடுகள் குவிந்தன. எச்சரிக்கையைக் குறித்த எல்லைக்கு அப்பால் பத்தில் ஒரு மைலுக்கு மேல் வழியவிடாது அனுப்பும் நுட்பத்தை அதே ஆணைக்குழு 2019 முதலே தொலைபேசிக் கம்பனிகளிடம் கோரியிருந்தது. கருவி குறுகிய குரலில் பேச வல்லது. கட்டளையிட்டவரே அதன் வாயை அகலத் திறந்தனர்.

காவலரின் உயிருக்கு மட்டும் தனிக்குரல் ஏன் என்று கேட்போர் அன்றும் இருந்தனர். காவலனைச் சுடத் துணிந்தவன் வேறு எவனைச் சுடத் தயங்குவான் என்பது சட்டஞ் செய்தோரின் மறுமொழி. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முறைப்பாடு செய்தவர்களிற் பெரும்பாலோர் அவ்வினாவை எழுப்பவில்லை. தங்களுக்கு ஒரு பயனுமற்ற செய்திக்காகத் தங்களை எழுப்பியது ஏன் என்றே கேட்டனர். பலர் கேட்டதோடு நில்லாமல், தொலைபேசியில் எச்சரிக்கையை நிறுத்தும் விசையைத் தேடி அமுக்கினர்.

அவ்விசையின் அமைப்புத்தான் கவலைக்குரியது. கடத்தப்பட்ட பிள்ளைகளுக்கான அம்பர் எச்சரிக்கைக்குத் தொலைபேசியில் தனி விசை உண்டு. நீல எச்சரிக்கைக்கு இல்லை. ஆணைக்குழு 2017இல் அதனை உடனடி ஆபத்து என்ற பொது வகுப்பிற் சேர்த்தது. சுழற்காற்று வருகிறது, ஆறு பெருகுகிறது, நிலவறைக்குள் இறங்குங்கள் என்று கூறும் செய்திகளும் அவ்வகுப்பில் அடங்கியவையே. நீலக் குரலை வாய்மூடச் செய்ய ஒருவர் அமுக்கும் விசை, சுழற்காற்றின் செய்தியையும் வாய்மூடச் செய்யும். ரெக்ஸாஸ் சுழற்காற்று அடிக்கடி வீசும் மாநிலம்.